கொம்புச் சான்றிதழ்

பூட்டுக்கடை மாடியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் கைகளுக்கு மட்டும் சிகிச்சை கொடுத்துவந்தாள். முழங்கைக்கு மேலே போனால் அவள் பொறுப்பில்லை. தோள்வலிக்காரர்களை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுவாள். "நான் டாக்டர் இல்லீங்க" என்று ஆரம்பத்தில் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கை டாக்டர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவளிடம் வழக்கமாக வந்தவர்கள் தையல்காரர்கள், கணினியே கதி என்று கிடப்பவர்கள், அடுமனையில் மாவு பிசைகிறவர்கள். எல்லோரும் ஒரே நீளப் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒருவர் வலியை ஒருவர் விசாரித்துக்கொண்டு, பாதிக் குணமாகித்தான் உள்ளே வருவார்கள். வாசலில் சீட்டுக் கொடுக்கும் சீட்டக்காவுக்கு அதிக வேலை இல்லை. கையடக்க கேம் பெட்டி வரும் வரைக்கும்.

பெட்டி என்றால் நடுவில் திரையும் இரு ஓரமும் பொத்தான்களுமாக, பென்சில் டப்பா மாதிரி மெல்லிசாக ஒன்று. அதில் ஒரு படகுப் போட்டி. இருவர் ஒரு ஜோடி: ஒருவர் சுக்கான், இன்னொருவர் துடுப்பு. குழந்தைகள் கொஞ்ச நாள் விளையாடிவிட்டுத் தூக்கிப் போட்டார்கள். பெரியவர்கள்தான் பிடித்துக்கொண்டு விடவில்லை. மருந்துக்கடைக்காரர் தலைமையில் படகு மன்றம் என்று ஒன்று ஆரம்பித்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் சமுதாயக் கூடத்தில் கூடினார்கள். செயலாளர், கை டாக்டரின் கணவர். அவர் கணக்குத் தணிக்கையாளர். விதி இல்லாத இடத்தில் அவருக்கு மூச்சு முட்டும். துடுப்புக்காரர் தும்மினால் ஆட்டத்தை நிறுத்தலாமா என்பதற்குக்கூட விதி எழுதி வைத்திருந்தார்.

அவருக்கு ஜோடி அவர் தங்கை. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். அண்ணன் வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தாள். அண்ணன் சுக்கான், தங்கை துடுப்பு. அடிக்கடி தோற்பார்கள். தோற்ற கதையை இரண்டு பேரும் சேர்ந்து வீட்டில் சொல்லும்போது, ஜெயித்தவர்கள்தான் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி இருக்கும்.

அப்போதுதான் கொம்பு வந்தது.

பெட்டியின் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும் கைப்பிடி அது. உள்ளங்கை நிறையப் பிடித்துக்கொள்ளலாம். பின்பக்கம் விரல் படும் இடத்தில் கூடுதலாக இரண்டு பொத்தான்கள். மாட்டியதும் பெட்டிக்கு இரண்டு கொம்பு முளைத்த மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். தனியாகத்தான் விற்றார்கள். அட்டையில் "விருப்பமிருந்தால் மட்டும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த இரண்டு வார்த்தைதான் வினை. விருப்பம் என்று வந்துவிட்டால் அது யாருடைய விருப்பம், ஏன் விருப்பம், விருப்பப்படாதவன் என்ன இளிச்சவாயனா என்றெல்லாம் கேள்வி வருமே.

வாங்கியவர்கள் கொம்புக் கட்சி ஆனார்கள். வாங்காதவர்கள் மொட்டைக் கட்சி. கொம்புக்குத் தலைவர் டிரைவிங் ஸ்கூல்காரர். கடையில் பக்கத்தில் நிற்பவரிடம், "இதை மாட்டிப் பாருங்க சார், படகு பறக்குது" என்பார். அதையே மன்றத்தில் யாராவது குறையாகச் சொன்னால், "அட, இது சும்மா ஒரு பிடிமானம்ங்க, ஒரு வித்தியாசமும் இல்லை" என்று பிளேட்டைத் திருப்பிப் போடுவார். மொட்டைக் கட்சியும் சளைத்ததில்லை. "கொம்பால ஒரு பிரயோஜனமும் கிடையாது, ஆடத் தெரியாதவன்தான் மாட்டுவான்" என்று மருந்துக்கடைக்காரர் முதலில் சொல்வார். அதே மூச்சில், "அதை வச்சுக்கிட்டு ஆடினா நாங்க எப்படி ஜெயிக்கிறது?" என்றும் கேட்பார். இரண்டும் ஒரே வாயிலிருந்து எப்படி வருகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

கை டாக்டருக்கு அரசியல் தெரியாது. விரல் தெரியும். மொட்டைக் கட்சிக்காரர்கள் கட்டைவிரல் அடியில் குத்துகிறது என்று வந்தார்கள். கொம்புக் கட்சிக்காரர்கள் மோதிர விரல் மடக்கினால் நிமிரவில்லை என்று வந்தார்கள். வலி வேறு வேறு, மருந்து ஒன்றுதான்: கொஞ்ச நாள் பெட்டியைக் கீழே வையுங்கள். அதை மட்டும் இரண்டு கட்சியும் ஒற்றுமையாகக் கேட்க மறுத்தது.

வந்தவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார மாட்டேன் என்றார்கள். சீட்டக்கா நடுவில் ஒரு பூந்தொட்டியை வைத்துப் பார்த்தாள். தொட்டி யார் பக்கம் அதிகமாக நகர்ந்திருக்கிறது என்று சண்டை வந்தது. கடைசியில் கொம்புக்கு ஒருநாள், மொட்டைக்கு ஒருநாள் என்று பிரித்துவிட்டாள். இடையில் மாட்டிக்கொண்டவர்கள் தையல்காரர்கள். "அக்கா, நான் எந்த நாள் வரணும்?" என்று ஒருவர் பரிதாபமாகக் கேட்டார். "நீங்க ஊசி பிடிக்கிறவரு. ஊசிக்குக் கொம்பு இல்லை. மொட்டை நாள்ல வாங்க" என்றாள் சீட்டக்கா.

வீட்டிலும் அதே கதைதான். நாத்தனார் முதல் நாளே கொம்பு வாங்கிவிட்டாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, பெருமையடிக்கவும் இல்லை. ஞாயிறு அன்று அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பையிலிருந்து எடுத்து மாட்டினாள். அண்ணன் பார்த்தார். மன்றச் செயலாளரின் ஜோடியே கொம்பு! மொட்டைக் கட்சி மொத்தமும் அவரையே பார்த்தது. "இதைக் கழட்டிட்டு ஆடு" என்றார் மெதுவாக. அவள் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

ஆனால் ராச்சாப்பாடு மூவருக்கும் ஒரே மேஜையில்தான். நாத்தனாருக்குத் தொழில்குரல் கைகொடுத்தது. கூரையைப் பார்த்தபடி, "அன்பான கவனத்திற்கு. மேஜையின் மறுமுனையில் அமர்ந்திருப்பவர் உப்பு டப்பாவை உடனடியாக இந்தப் பக்கம் நகர்த்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்" என்பாள். அண்ணன் டப்பாவை மனைவியிடம் கொடுப்பார். அவள் நாத்தனாரிடம் கொடுப்பாள். "அண்ணி, நன்றின்னு சொல்லிடுங்க."

"பக்கத்துலதானே இருக்காரு, நீயே சொல்லேன்."

"அந்த வண்டி இந்த நிலையத்துல நிக்கிறதில்லை அண்ணி."

கை டாக்டர் சிரித்துவிட்டாள். கணவர் முறைத்தார்.

ஆண்டுப் போட்டி நெருங்கியது. கொம்பை அனுமதிப்பதா கூடாதா என்று மன்றத்தில் நாற்காலி தூக்காத குறை. மருந்துக்கடைக்காரர் அறவே கூடாது என்றார். டிரைவிங் ஸ்கூல்காரர், அப்படியானால் நாங்கள் தனி மன்றம் என்றார். அப்போது செயலாளர் எழுந்து ஒரு விதியை வாசித்தார்: கொம்புக்கு அனுமதியில்லை, ஆனால் மருத்துவக் காரணம் இருப்பவர்கள், கைச் சிகிச்சை நிபுணரின் சான்றிதழ் வைத்திருந்தால் பயன்படுத்தலாம். எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. கைதட்டி நிறைவேற்றினார்கள். அந்தக் கைச் சிகிச்சை நிபுணரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் க்ளினிக் படிக்கட்டு தெரியவில்லை. கீழே பூட்டுக்கடை வரை வரிசை. "என்ன அக்கா இது?" என்றாள். "ஊருக்கே கை போயிடுச்சு டாக்டரம்மா" என்றாள் சீட்டக்கா.

முதல் ஆள் டிரைவிங் ஸ்கூல்காரர். உள்ளே நுழையும்போதே வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"எவ்வளவு நாளா வலிக்குது?"

"பிறந்ததுலேர்ந்து மேடம்."

"மடக்கிக் காட்டுங்க."

"ஐயோ" என்றார், அவள் தொடுவதற்கு முன்பே.

அவள் மேஜை ஓரத்தில் கிடந்த சாவிக்கொத்தைத் தட்டிவிட்டாள். அது தரையில் விழுவதற்குள், பிறந்ததிலிருந்து வலிக்கிற கை பாய்ந்து லபக்கென்று பிடித்துவிட்டது. இருவரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். "பழக்கதோஷம்" என்று அசடு வழிந்தார் அவர். "கத்துக்க வர்றவங்க சாவியைத் தவற விட்டுக்கிட்டே இருப்பாங்க."

அடுத்தவர் தோளைக் காட்டினார். அதற்கடுத்தவர் தன் மாமியாரின் எக்ஸ்ரேயைக் கொண்டுவந்திருந்தார். மத்தியானத்துக்குள் அவளுக்கு அலுத்துப்போயிற்று. எழுதித் தர மாட்டேன் என்றால் படியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார்கள். பொய் எழுதவும் கை வராது. கடைசியில் பரிசோதித்ததை அப்படியே எழுதிக் கொடுத்தாள்: "இவரது கைகளைப் பரிசோதித்தேன். குறை ஏதும் காணப்படவில்லை. கைப்பிடி இருந்தால் வசதியாக இருக்கும் என்கிறார். இருக்கலாம்." கையெழுத்து, முத்திரை. வாங்கியவர்கள் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. முத்திரையைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக இறங்கிப் போனார்கள்.

மொட்டை நாள் ஒன்றில் மருந்துக்கடைக்காரர் வந்தார். கடைசி ஆளாக, சீட்டக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரம் பார்த்து வந்தார். கட்டைவிரலைத் தொட்டதுமே அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வாரம் அவள் பார்த்த கைகளில் அதுதான் நிஜமாகவே மோசமான கை.

"ஐயா, பெட்டியை விட்டுடுங்க. இல்லைன்னா அந்தக் கைப்பிடியாவது மாட்டிக்கங்க."

அவர் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அப்படின்னா எனக்கும் ஒண்ணு எழுதி வைங்க. நான் எடுத்துக் காட்டப் போறதில்லை. சும்மா இருக்கட்டும்."

எழுதிக் கொடுத்தாள். சட்டைப் பையில் வைக்காமல், மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

வராத ஆள் ஒருத்திதான். நாத்தனார்.

அவளுடைய இடது மணிக்கட்டு சின்ன வயதில் முறிந்து, கோணலாகக் கூடியது. உள்ளங்கை முழுதாகத் திரும்பாது. தட்டையான பெட்டியைப் பிடிக்க அவள் முழங்கையை விலாவில் இடுக்கி, உடம்பையே ஒரு பக்கம் சாய்த்து உட்காருவாள். ஆட்டம் முடிந்ததும் தோளைத் தேய்த்துக்கொள்வாள். கொம்பு மாட்டிய பிறகு நேராக உட்கார்ந்தாள். வித்தியாசம் அவ்வளவுதான். கை டாக்டருக்கு அது முதல் நாளே கண்ணில் பட்டிருந்தது.

போட்டிக்கு முந்தைய சாயங்காலம் அவள் கீழே இறங்கிப் போனாள். நாத்தனார் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்கு நான் எழுதித் தரேன். ஊர்ல உனக்குத்தான் உண்மையாவே தேவை."

"வேண்டாம் அண்ணி."

"ஏன்?"

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நான் ஸ்கூல்ல ஆடினேன், வேலைக்குப் போனேன், வண்டி ஓட்டறேன். எங்கேயும் இந்தக் கையைத் தூக்கிக் காட்டி உள்ளே விடுங்கன்னு கேட்டதில்லை. ஒரு படகு ஆட்டத்துக்குப் போயி, மருந்துக்கடைக்காரர் முன்னாடி நின்னு, இதோ பாருங்க சார் என் கை கோணல், தயவு பண்ணுங்கன்னு சீட்டை நீட்டணுமா? கடையில காசு கொடுத்து ஒரு கைப்பிடி வாங்கினேன். எல்லாரையும் மாதிரி. அது மட்டும்தான் எனக்குப் பிடிச்சிருந்துச்சு, எல்லாரையும் மாதிரிங்கறது."

கை டாக்டர் திரும்பி நடந்தாள். மாடிப்படி ஏறும்போது கோபம் கூடவே ஏறியது. கணவர் சாப்பாட்டு மேஜையில் மறுநாளுக்கான பட்டியலை மடிக்கணினியில் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, உங்க தங்கச்சி கை உங்களுக்குத் தெரியாதா?"

"ஏன் தெரியாது?"

"தெரிஞ்சுதான் இந்த விதியைப் போட்டீங்களா?"

"தெரிஞ்சதாலதான் போட்டேன்!" அவர் மடிக்கணினியைத் தள்ளி வைத்தார். "அறவே கூடாதுன்னு முடிவாகியிருக்கும். மருத்துவக் காரணம்னு ஒரு சந்து விட்டேனே, அது யாருக்காக? டிரைவிங் ஸ்கூல்காரனுக்கா? அவளுக்காகத்தான். அவ ஒருத்தி ஆடணும்னுதான் அந்த விதியே. அவ என்னடான்னா சான்றிதழ் வாங்கவே வரலை."

கை டாக்டர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இத்தனை நாள் அந்த மனுஷன் மனசில் இதை வைத்துக்கொண்டு உப்பு டப்பாவை நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறார்.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"எப்படிக் கேக்கறது? பேச்சு இல்லையே."

"தும்மலுக்கு விதி எழுதத் தெரியுது. கீழே இறங்கிப் போய் என்னம்மா வேணும்னு கேக்கத் தெரியலை."

அவர் மடிக்கணினியை மூடினார். கீழே போகவில்லை.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. கை டாக்டரையும் கூப்பிட்டிருந்தார்கள், கையெழுத்து அவளுடையதுதானா என்று உறுதி சொல்ல. மேடையில் மருந்துக்கடைக்காரர், பக்கத்தில் செயலாளர். படகுப் போட்டியை ஆரம்பிப்பதற்கு முன் சான்றிதழ் சோதனை என்று அறிவித்தார்கள்.

டிரைவிங் ஸ்கூல்காரர் முதல் ஆளாக மேடையேறி, கூடம் முழுக்கக் கேட்கும்படி தன்னுடையதை வாசித்தார். "இவரது கைகளைப் பரிசோதித்தேன். குறை ஏதும்..." அங்கே ஒரு கணம் நின்றார். ஆனால் பாதியில் நிறுத்தினால் கெட்டபெயர். "குறை ஏதும் காணப்படவில்லை!" என்று முழங்கி முடித்தார். கொம்புக் கட்சி கைதட்டியது.

"இது செல்லாது" என்றார் மருந்துக்கடைக்காரர். "கையில ஒண்ணுமே இல்லைன்னு எழுதியிருக்கு."

"விதியில என்ன இருக்கு? சான்றிதழ் வச்சிருக்கணும். வச்சிருக்கேன். அதுல என்ன எழுதியிருக்கணும்னு விதியில இருக்கா?"

எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். செயலாளர் விதியை எடுத்து ஒருமுறை வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். வாழ்நாள் முழுவதும் மற்றவர்கள் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்த மனிதர் அவர். காது மடல் வரை சிவந்துவிட்டது.

"மருத்துவக் காரணம்னு இருக்கே" என்றார்.

"வசதியா இருக்கலாம்னு டாக்டரம்மாவே எழுதியிருக்காங்களே, அது மருத்துவக் காரணம் இல்லாம பூட்டுக்கடைக் காரணமா?"

அவ்வளவுதான். ஆளாளுக்கு ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டு மேடையைச் சுற்றி வளைத்தார்கள். மாமியாரின் எக்ஸ்ரேயை ஒருவர் விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். கொம்பே இல்லாத ஒருவர், தனக்கு ஏன் சான்றிதழ் தரவில்லை, மொட்டைக் கைக்கும் மரியாதை உண்டா இல்லையா என்று கேட்டார். மருந்துக்கடைக்காரர் ஆத்திரத்தில் மேஜையைத் தட்டப் போய், தட்டியது வலிக்கிற கையாகிவிட, "அம்மா!" என்று அலறிக் கையை உதறினார். கண்ணாடிக்கூடு கீழே விழுந்து திறந்துகொண்டது. மடித்த காகிதம் ஒன்று எட்டிப் பார்த்தது. பக்கத்தில் நின்ற கை டாக்டர் குனிந்து, அதைப் பிரிக்காமல் அப்படியே உள்ளே தள்ளி மூடி, அவரிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவர் அவ்வளவாகப் பேசவில்லை.

கூச்சல் ஓயவில்லை. ஒரு படகுகூட நீரில் இறங்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு, அடுத்து அந்தக் கூடத்தில் வகுப்பெடுக்கும் நடன ஆசிரியை தன் மாணவிகளுடன் உள்ளே வந்தாள். "உங்க நேரம் முடிஞ்சுது. நாற்காலியெல்லாம் எடுங்க." சலங்கைச் சத்தம் கேட்டதும் இரண்டு கட்சியும் வாயை மூடிக்கொண்டு நாற்காலிகளை அடுக்கியது. நன்றாகவே அடுக்கினார்கள். கொம்புக்காரர் எடுத்துக் கொடுக்க, மொட்டைக்காரர் வாங்கி வைக்க, சீக்கிரம் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு நடந்து வரும்போது கணவர் தெருமுனையில் நின்று, "நீ சொல்லேன் அவகிட்ட. அவளுக்காகத்தான்னு" என்றார்.

"முடியாது. நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் ஒலிபெருக்கியா?"

அவர் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். நாத்தனார் சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்து தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அந்தச் சான்றிதழ் விதி..." என்று ஆரம்பித்தார். "உன்னை நினைச்சுத்தான் போட்டேன்."

திரையில் படகு கரையில் மோதி நின்றது.

"அண்ணி சொன்னாங்களா?"

"இல்லை. நான்தான் சொல்றேன்."

"என்னை நினைச்சுப் போட்டியா, என் கையை நினைச்சுப் போட்டியா?"

அவர் பதில் யோசித்தார். தணிக்கையில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. "கையை" என்றார் கடைசியில். "கேட்டிருக்கணும். கேக்கலை."

"அன்னிக்குக் கழட்டுன்னு சொன்னியே."

"எல்லாரும் பார்த்தாங்க. எனக்கு வெட்கமா இருந்துச்சு."

"எனக்கும்தான் இருந்துச்சு."

கை டாக்டர் வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே போகவும் தோன்றவில்லை, திரும்பவும் தோன்றவில்லை. பிறகு நாத்தனார் சோபாவில் நகர்ந்து இடம் விட்டாள். அண்ணன் தன் பெட்டியை எடுத்து இணைத்தார். மொட்டையாகத்தான். ஆட்டம் ஆரம்பித்த கையோடு படகு பாறையில் ஏறியது.

"அண்ணா, பாறை அவ்வளவு பெருசா இருக்கு, கண்ணு தெரியலையா உனக்கு?"

"நீ துடுப்பை நிறுத்தினாதானே நான் திருப்ப முடியும்!"

கத்திக்கொண்டார்கள். கை டாக்டர் மேலே போய் சமையலைப் பார்த்தாள்.

மன்றம் அதற்குப் பிறகு மூன்றாகப் பிரிந்தது: கொம்பு மன்றம், மொட்டை மன்றம், அப்புறம் இரண்டும் வேண்டாம் என்று சீட்டாடப் போன ஒரு மன்றம். மருந்துக்கடைக்காரர் மொட்டை மன்றத்துக்குத் தலைவர்தான். கட்டைவிரலில் கட்டுப் போட்டுக்கொண்டு, ஆடாமல் தலைமை மட்டும் தாங்குகிறார். கை டாக்டரின் கணவர் செயலாளர் பதவியிலிருந்து விலகிக் கடிதம் கொடுத்தார். விலகலை ஏற்க விதியில் இடம் இருக்கிறதா என்று ஆராயக் கொம்பு, மொட்டை இரண்டு மன்றத்தாரும் சேர்ந்து ஒரு துணைக்குழு அமைத்திருக்கிறார்கள். துணைக்குழுவில் கொம்புக்காரர் எத்தனை பேர், மொட்டைக்காரர் எத்தனை பேர் என்பது இன்னும் முடிவாகவில்லை.